நடுகற்களுக்கு ஒரு சொந்த இணையதளம்: எந்தப் பெயர், எந்தக் கட்டமைப்பு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களை, அதாவது வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, படமெடுத்து அவற்றின் கல்வெட்டு வாசகத்தோடு வெளியிட ஒரு சொந்த இணையதளம் வேண்டும் என்று தீர்மானித்தபோது, அதைக் கட்டுவதைவிட அதற்குப் பெயர் வைப்பதே நீண்ட யோசனையைக் கோரியது. கட்டமைப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முகவரியை மாற்றினால், அதுவரை பிறர் தங்கள் கட்டுரைகளில் கொடுத்த இணைப்புகள் யாவும் அறுந்துபோகும்.

முதலில் மனத்தில் நின்ற பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊரின் பெயர், இன்றைய தருமபுரியின் பழம்பெயர் என்ற வகையில் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆயினும் கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்தபின் வளர்ந்த தலைமுறைக்குத் தகடூர் என்றால் தருமபுரி மட்டுமே. என் படங்களிலோ ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கற்களும் உண்டு. ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘டி’யோடு ‘எச்’ சேர்ப்பதா, நடுவில் ‘ஜி’ இடுவதா ‘கே’ இடுவதா என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை. ஆகவே வாய்மொழியாக முகவரியைச் சொன்னால் பாதிப்பேர் வேறெங்கோ போய் நிற்பார்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்ட தடை வேறு. ஊரின் பெயரைத் தாங்கிய தளம் ஓர் அமைப்பின் குரலாகத் தோன்றும். தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தை, அதுவும் தேய்ந்த நிலையில், ஒரு தனியாள் வாசித்த வாசிப்புக்கு அந்தத் தோற்றம் தகாது.

பொருளையே பெயராக்கி ‘நடுகல்’ என்று வைப்பது அழகுதான். ஆனால் மல்லப்பாடிப் பாறை ஓவியங்களையோ மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் என்னும் பழங்கால ஈமச்சின்னங்களையோ நாளை சேர்க்க விரும்பினால் அந்தப் பெயர் இடம் கொடுக்காது.

எஞ்சியது சொந்தப் பெயர். தலைப்பெழுத்தை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற கேள்வி அதிலும் எழுகிறது. பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுவது நல்லது என்பது என் கருத்து. வாசிப்பில் பிழை கண்டவர் யாரைக் கேட்க வேண்டும் என்பது முகவரியிலேயே தெரிவதும், பொருள் மாறினாலும் பெயர் மாறத் தேவையில்லாததும் இதன் பெரும் பலம். அதையே தேர்ந்தேன்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக்கொள்ள ‘.இந்தியா’ என்னும் ஈறு (முகவரியின் கடைசிப் பகுதி) 2011 முதல் இருக்கிறது. எனினும் பெயர்களை எண்களாக மாற்றித்தரும் இணைய அமைப்புக்குள் அது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகவே பயணிக்கிறது; முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அந்தக் கோவையே வெளிப்பட்டு, ஏமாற்று இணைப்போ என்று பார்ப்பவரை அஞ்சவைப்பதும் உண்டு. ஓசூர்ப் பகுதியில் கன்னடக் கல்வெட்டுள்ள நடுகற்களும் இருப்பதால், அவற்றைப் படிக்க வல்ல கன்னடர்களும் முகவரியைத் தட்டச்சு செய்ய இயல வேண்டும். ஆகவே ரோமன் எழுத்தில் ‘.இன்’ ஈறு முதன்மையாகவும், தமிழ் முகவரி அதற்குத் திருப்பிவிடும் துணையாகவும் இருப்பதே சரி.

கட்டமைப்பில் மூன்று வழிகள் இருந்தன. வலைப்பூ எழுதும் சேவையான பிளாகர் இலவசம், சொந்த முகவரியையும் அதில் இணைக்கலாம், நாளைக்கே எழுதத் தொடங்க விரும்புபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது நாள்வரிசையில் எழுதுவதற்கு அமைந்தது. ஊர், காலம், அரச மரபு என்று அடுக்கிப் பார்க்க வேண்டிய கற்களுக்கு அந்த வரிசை பயன்படாது. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நம் சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொண்டால் அந்த அடுக்குகளும் தேடலும் எளிதில் கிடைக்கும். அதற்கு விலையாக ஆண்டுதோறும் வழங்கிக்குக் கட்டணம் செலுத்துவதோடு, மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களையும்) விடாமல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத தளத்துக்குள் விஷமிகள் நுழைவது எளிது.

மூன்றாவது, ஹியூகோ போன்ற கருவியால் பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி, கோப்புகளை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப்பில் வைப்பது. தரவுத்தளம் இல்லாததால் உடைத்து நுழையப் பெரிதாக ஒன்றுமில்லை; பக்கம் இலேசாக இருப்பதால் சித்தேரி மலைப்பக்கம் போன்று அலைக்கற்றை மெலிந்த இடத்திலும் கைபேசியில் திறக்கும். கிட்ஹப்பில் ஒரு தளத்தின் அளவு 1 ஜிபிக்கு மிகக் கூடாது. 5 எம்பி அளவுள்ள மூலப்படங்கள் என்றால் ஏறத்தாழ 200 படங்களோடு அது நிறைந்துவிடும்; 200 கேபியாகச் சுருக்கினால் 5,000 வரை கொள்ளும். எனவே சுருக்கிய படங்கள் தளத்திலும், மூலப்படங்கள் தனி வன்தட்டிலும் இருக்கின்றன. படத்துக்குள் கேமரா பதிந்துவைக்கும் இடக்குறிப்பையும் சுருக்கும்போதே நீக்கிவிடுகிறேன். காவலற்ற நிலத்தில் நிற்கும் கல்லுக்குத் திருடருக்கு வழி காட்டலாகாது. கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கட்டளை வரியைப் பழகும் பொறுமை இருப்பவருக்கு இந்த வழியே மேல்.

எவ்வழியில் கட்டினாலும், முகவரியைத் தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் விடாமல் நம் பெயரிலேயே பதிந்து, ஒரே முறையில் 10 ஆண்டுகள் வரை செலுத்த இயலும் என்பதால் முடிந்த அளவு நீண்ட காலத்துக்குக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பதிவுக் கணக்குக்கு அதே முகவரியைச் சார்ந்த மின்னஞ்சலைக் கொடுக்கக் கூடாது. முகவரி காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் வந்து சேராது.