நவுன் பாஸ், ப்ரோனவுன் ஃபெயில்: ஒரு ஃபிளாஷ் கார்டு பெட்டி

இங்கிலீஷ் நவுன், அதாவது பெயர்ச்சொல், கற்றுக்கொடுக்க இந்த ஃபிளாஷ் கார்டு பெட்டியை வாங்கலாம். ஐ, ஹீ, ஷீ போன்ற ப்ரோனவுனையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் என்று பெட்டியின் மேல் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும், மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

வீட்டில் சாயங்காலம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அதனால் இந்த மாதிரிப் பெட்டிகள் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே படங்கள் நாலைந்து லேபிளில் கிடைக்கின்றன, எதை வாங்கினாலும் கிட்டத்தட்ட இதுதான் வரும். 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழம், காய்கறி, விலங்கு, வண்டி, உடல் உறுப்பு, வீட்டுச் சாமான் என்று பிரித்து 100 நவுன் அட்டைகள், தனியாக ஒரு சின்னக் கட்டு ப்ரோனவுன் அட்டைகள்.

அட்டை நல்ல கனம், முனைகள் வளைத்து வெட்டியிருப்பதால் யார் கண்ணிலும் குத்தாது. லேமினேஷன் மட்டும் ரொம்பப் பளபளப்பு, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் பாதிப் படம் தெரியாது. பெட்டி சீக்கிரமே கிழிந்துவிடும், ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நவுன் பகுதியில் ஒரு விஷயத்தை யோசித்துச் செய்திருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரே ஒரு பொருள், எழுத்து பின்பக்கத்தில். சுவரில் மாட்டும் சார்ட்டில் படமும் ஸ்பெல்லிங்கும் நெருக்கியடித்து இருக்கும், பிள்ளை எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிக்கும். இங்கே பொருளைப் பார்த்து, வாயால் சொல்லி, அப்புறம்தான் எழுத்துக்குப் போக வேண்டும். மூன்று வயதுக்கு அதுதான் சரியான வரிசை. தவிர நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு பஸ், ஃபேன், சேர், பேக், சோப்பு எல்லாம் தமிழ் பேசும்போதே வாயில் புழங்குகிற வார்த்தைகள், அந்த அட்டைகளை முதலில் எடுத்து வைத்தால் "எனக்கு இங்கிலீஷ் தெரியும்" என்று ஒரு தெம்பு வந்துவிடுகிறது.

குறை என்னவென்றால் படங்களை எங்கிருந்தோ மொத்தமாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இக்லூவும் அவகாடோவும் இருக்கின்றன, தென்னை மரம் இல்லை. கத்தரிக்காய்க்குப் பின்னால் எக்பிளான்ட், வெண்டைக்காய்க்கு ஓக்ரா. பள்ளியில் பிரிஞ்சால், லேடீஸ் ஃபிங்கர் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்று, பிள்ளைக்கோ மிஸ் சொன்னது தப்பா அட்டையில் இருப்பது தப்பா என்ற பெரிய பிரச்சினை. நான் மார்க்கரால் மாற்றி எழுதிவிட்டேன். இன்னொன்று, எல்லாமே ஒருமை. தமிழில் 'ரெண்டு ஆப்பிள்' என்றால் யாரும் திருத்த மாட்டார்கள், அதே பழக்கத்தில் பிள்ளை 'டூ ஆப்பிள்' என்றுதான் சொல்லும். ஒரு பக்கம் ஒரு ஆப்பிளும் மறுபக்கம் மூன்றும் போட்டிருந்தால் கடைசி எஸ் சத்தம் தானாகக் காதில் விழுந்திருக்கும்.

சரி, ப்ரோனவுன் கட்டுக்கு வருவோம். 'ஐ' என்ற அட்டையில் ஒரு பையன் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். எந்தப் பிள்ளையிடம் காட்டினாலும் 'பாய்' என்கிறது. அது சரியான பதில்தானே? திரும்பத் திரும்ப 'ஐ' என்று சொல்லவைத்தால், அந்தச் சிவப்புச் சட்டைப் பையனின் பெயர் ஐ என்று மனதில் பதிகிறது. மாம்பழம் யார் சொன்னாலும் மாம்பழம். 'ஐ' அப்படியில்லை, நான் சொன்னால் நான், நீ சொன்னால் நீ, பேசுகிற ஆள் மாறினால் ஆளும் மாறுகிறது. இதை ஒரு படத்தில் நிறுத்திவைக்க முடியாது, எவ்வளவு அழகாக வரைந்தாலும். 'வீ', 'தே' அட்டைகள் இதைவிடக் கூத்து. இரண்டிலும் அதே நாலு பிள்ளைகள், ஒன்றில் கொஞ்சம் கிட்டே நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 'இட்' அட்டையில் நாய். 'டாக்' என்று சொல்லும் பிள்ளையிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல்களும் உண்டு. "தாத்தாவும் ஹீ, தம்பியும் ஹீயா?" என்று ஒரு பையன் கேட்டான், அவனுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. 'சாப்பிட்டேன்' என்றாலே யார் என்பது உள்ளே வந்துவிடுகிற மொழியில் வளர்கிறவர்கள், ஐ, ஹீ என்று முன்னால் ஒன்றை வைக்கும் பழக்கமே வாக்கியமாகச் சொல்லிச் சொல்லித்தான் வரும். இந்த அட்டையில் ஒற்றை வார்த்தைக்கு மேல் எதுவும் இல்லை. அதோடு, பிள்ளைகளுக்கு நிஜமாகவே முதலில் தேவைப்படுவது 'மை', 'யுவர்'. பென்சில் சண்டை நடக்காத நாள் உண்டா? இரண்டுக்கும் அட்டையே கிடையாது.

நான் இப்போது செய்வது வேறு. ப்ரோனவுன் கட்டை மூட்டை கட்டிவிட்டு, நவுன் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஆளுக்கு ஒன்று போடுகிறேன். வட்டமாக உட்கார்ந்து, கையில் இருப்பதைக் காட்டி "ஐ ஹேவ் எ பஸ்", பக்கத்தில் இருப்பவளைக் காட்டி "ஷீ ஹேஸ் எ மேங்கோ". பக்கத்துப் பிள்ளை ஆரம்பிக்கும்போது அவள் 'ஐ' ஆகிவிடுகிறாள், இவன் 'ஹீ' ஆகிவிடுகிறான், யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹேவ், ஹேஸ் குழப்பம் கொஞ்ச நாள் இருக்கும், விட்டுவிடுங்கள். பிறகு செல்போனில் இருக்கும் கல்யாணப் போட்டோக்களைக் காட்டி ஹீ யார், ஷீ யார், தே யார் என்று கேட்டால் பிள்ளைகளே கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு கியூ.ஆர். கோடும் உண்டு. ஸ்கேன் செய்தால் விளம்பரம் குறுக்கிடுகிற வீடியோ ஒன்றுக்குப் போகிறது, அதைத் தொடாதீர்கள். கேட்கவும் படிக்கவும் ஏதாவது வேண்டும் என்றால் குழந்தைகளுக்கான புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் இருக்கிறது, இலவசம். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஹீயும் ஷீயும் அங்கே கதைக்குள் நடமாடுவதால் யாரைச் சொல்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. திரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கான் அகாடமி கிட்ஸ் செயலி, அதுவும் இலவசம், விளம்பரம் கிடையாது. உச்சரிப்பு அமெரிக்க வாடை, பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், மூன்றும் நவுனுக்கு. எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்கு வாங்குங்கள், யு.கே.ஜி. முடித்த பிள்ளைக்கு வேண்டாம், பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். சில கடைகளில் பழம், காய்கறி, விலங்கு அட்டைகள் தனித்தனிப் பாக்கெட்டாகவும் கிடைக்கும். அது கிடைத்தால் இந்தப் பெட்டியே தேவையில்லை.