டெட்லிஃப்டுக்கு எந்தப் பிடி: மிக்ஸை விட்டு ஹூக்குக்கு வந்தவன் சொல்வது

போன வருடம் சோளகம் வீசத் தொடங்கிய நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவலையில் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். இடது கையால் தேங்காய்ப் பாதியைத் திருப்ப முடியவில்லை. முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு கம்பி இழுபட்டது போல. முதல் நாள் மாலைதான் ஜிம்மில் டெட்லிஃப்ட் செய்திருந்தேன், அதாவது நிலத்தில் கிடக்கும் பாரை, எடை மாட்டிய இரும்புத் தண்டை, தூக்கி நிமிர்ந்து நிற்பது. 150 கிலோவை மிக்ஸ் பிடியில், ஒரு உள்ளங்கை உள்ளேயும் மற்றது வெளியேயும் பார்க்க, மூன்று தடவை தூக்கியிருந்தேன், மூன்றாவது தடவை பார் முழங்காலைத் தாண்டும்போது இடது கை கொஞ்சம் மடிந்தது ஞாபகம் இருந்தது, ஆனால் அப்போது ஒன்றும் நோகவில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு நித்திரையும் கொண்டுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "தேங்காய் துருவவும் உதவாத கைக்கு உந்த இரும்பெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டபடி திருவலையை வாங்கிக்கொண்டார்.

தசைநாண் அறவில்லை, வெறும் இழுவைதான் என்று வைத்தியர் சொன்னார். இருந்தாலும் இரண்டரை மாதம் போயிற்று. அந்த இரண்டரை மாதமும் யோசிக்க நிறைய நேரம் இருந்தது, அதில் யோசித்ததும் அதன் பிறகு ஒரு வருடம் செய்து பார்த்ததும்தான் இது. எனக்கு வயது 41, அலுவலக வேலை, போட்டிக்குப் போனதில்லை, இதுவரை தூக்கிய அதிகபட்சம் 170 கிலோ. அதற்கு மேலே தூக்குகிறவர்கள் நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் போகும் ஜிம் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. இரண்டு பார் இருக்கிறது. ஒன்றில் சொரசொரப்பு ஓரளவு மிச்சம், மற்றது கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று போய்விட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இணையத்தில் வருகிற பிடி பற்றிய விளக்கம் முக்கால்வாசியும் நல்ல பாரை மனதில் வைத்துச் சொல்வது. ஒலிம்பிக் முறை ஆண்கள் பார் 28 மில்லிமீட்டர் தடிப்பு, பவர்லிஃப்டிங் போட்டிப் பார் 29, டெட்லிஃப்டுக்கென்றே செய்கிற பார் 27. எங்கள் வழுக்கல் பாரை அளந்து பார்த்தேன், 31க்குக் கிட்ட. இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பீர்கள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிறதா இல்லையா என்பதே அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

சரி, ஒவ்வொன்றாக.

ஓவர்ஹேண்ட், அதாவது இரண்டு உள்ளங்கையும் உங்களைப் பார்த்தபடி பிடிப்பது. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எல்லோரும் இதில்தான் தொடங்குகிறோம், தொடங்கவும் வேண்டும். இரண்டு கையும் ஒரே பக்கம் பார்ப்பதால் பார் விரல் நுனிப் பக்கமாக உருளப் பார்க்கும், ஒரு கட்டத்துக்கு மேல் விரல் திறந்துவிடும். எனக்கு அந்தக் கட்டம் 120 கிலோ. முதுகும் காலும் இன்னும் 40 கிலோ தூக்கத் தயார், கை மட்டும் இல்லை என்கிறது. கிணற்றில் வாளி அள்ளி வளர்ந்தவர்களுக்குப் பிடி கொஞ்சம் கூடவே இருக்கும் என்று எங்கள் ஜிம் மாஸ்டர் சொல்வார், இப்போது எல்லா வீட்டிலும் மோட்டர்தான், ஆகவே அதைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

மிக்ஸ் பிடியில் ஒரு கை உள்ளே பார்க்கும், மற்றது வெளியே பார்க்கும். ஒரு கையில் பார் உருளப் பார்த்தால் மற்றக் கை அதைத் தடுத்துவிடும். பழகத் தேவையில்லை, வலி இல்லை, மாற்றிய அன்றைக்கே எனக்கு 25 கிலோ கூடியது. அமெரிக்கப் பவர்லிஃப்டிங் வீரர் எட் கோன் 1991இல் 901 இறாத்தல், கிட்டத்தட்ட 409 கிலோ, இழுத்ததும் இந்தப் பிடியில்தான். ஆகவே இதைக் கூடாத பிடி என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? சொல்லவும் இல்லை. ஆனால் நான் விட்டுவிட்டேன்.

காரணம் ஒன்றே ஒன்றுதான், அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன். பிடியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எது அதிகம் தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். தாங்காமல் போகிற அன்றைக்கு எது போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஓவர்ஹேண்ட் தோற்றால் விரல் திறக்கும், பார் கீழே விழும், மாஸ்டர் நிலத்தைப் பார்த்து முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மிக்ஸ் தோற்கிற விதம் வேறு. மேற்கையில் இருக்கிற பைசெப்ஸ் தசைக்கு இரண்டு வேலை: முழங்கையை மடிப்பது ஒன்று, உள்ளங்கையை மேலே திருப்புவது மற்றது. அதன் கீழ்முனை முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கை எலும்பில் ஒரு தசைநாணால் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையை வெளியே திருப்பிப் பிடித்தாலே அந்தத் தசை பாதி வேலையில் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் பாரை வெடுக்கென்று இழுத்தாலோ, கடைசித் தடவையில் களைத்துப்போய்க் கை தன்னையறியாமல் மடிந்தாலோ, 150 கிலோ அந்த மடிந்த கையை நிமிர்த்தப் பார்க்கும். தசை மடிக்கப் பார்க்கிறது, பாரம் நிமிர்த்தப் பார்க்கிறது, நடுவில் மாட்டுப்படுவது அந்தத் தசைநாண். அது எலும்பை விட்டுப் போனால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான், பிறகு மாதக்கணக்கில் கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஆண்களிடம்தான் இது அதிகம், புகைப்பவர்களிடம் இன்னும் அதிகம் என்கிறது மருத்துவம். இதைச் சொன்னபோது எங்கள் ஜிம்மில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிக்ஸ் பிடிப்பவர் எல்லோருக்கும் கை அறுந்துவிடாது. பார்க்கப்போனால் அறுபவர்கள் மிகச் சிலர்தான். கையைக் கயிறு மாதிரி நேராக வைத்து, இழுக்க முன் பாரை மெல்ல இறுக்கித் தொய்வை எடுத்து, மெதுவாகத் தொடங்குகிறவருக்கு ஆபத்து குறைவு. எனக்கு ஆனதும் என் பிழைதான், கை மடிந்தது என்னுடையது. ஆனால் அலுவலகம் முடிந்து களைத்துப்போய்ச் செய்கிற ஐந்தாவது செட்டில், அதாவது ஐந்தாவது சுற்றில், நான் பிழை விடுவேன் என்று எனக்குத் தெரியும். பிழை விட்டால் தோல் போகிற பிடியும் இருக்கிறது, தசைநாண் போகிற பிடியும் இருக்கிறது. நான் தோலைக் கொடுக்கத் தயார்.

இன்னொரு சின்ன விஷயம், எப்போதும் இடது கையையே வெளியே திருப்பிப் பிடித்ததில் என் பார் இடப்பக்கம் சற்று முன்னுக்குப் போய்விடும். செட்டுக்குச் செட் கையை மாற்றிப் பிடிக்கச் சொல்வார்கள். நானும் மாற்றிப் பார்த்தேன், வலது கை வெளியே இருந்தால் இடது கையால் கையெழுத்து வைப்பது போலத்தான் இருந்தது.

அப்ப ஹூக். பெருவிரலைப் பாரோடு சேர்த்து வைத்து, அதன் மேல் சுட்டுவிரலையும் நடுவிரலையும் போட்டு மூடுவது. பாரம் தூக்கும் போட்டிக்காரர்கள் ஸ்னாட்ச்சுக்கும் கிளீன் அண்ட் ஜேர்க்குக்கும் பிடிப்பது இதைத்தான். பேர்மிங்காம் 2022 பொதுநலவாயப் போட்டியில் 55 கிலோவில் வெண்கலம் எடுத்த நம் நாட்டு டிலங்க இசுறு குமார தூக்கும் காணொளி கிடைத்தால் எடையைப் பார்க்காமல் பெருவிரலைப் பாருங்கள். டெட்லிஃப்டிலும் அமெரிக்க வீரர் கெய்லர் வூலம் போன்றவர்கள் இதிலேயே பெரும் பாரம் இழுக்கிறார்கள். வேலை செய்கிற விதம் எளிது: பார் உருளப் பார்க்கும்போது பெருவிரல் இடையில் சிக்கி இறுகும், எவ்வளவு உருளப் பார்க்கிறதோ அவ்வளவு இறுகும். இரண்டு உள்ளங்கையும் உள்ளே பார்த்தபடியே இருப்பதால் பைசெப்ஸுக்கு அந்தத் திருப்பும் வேலை இல்லை, தோளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

விலை வலி. அதை மறைக்கப் போவதில்லை.

நான் தொடங்கியது நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேறிய கிழமை. திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சமாமிசம் இல்லை, ஜிம்மில் பாதிப் பேர் வரமாட்டார்கள், வருகிற நாங்களும் சாம்பாரில் வண்டி ஓட்டுகிறவர்கள், பெரிய பாரம் தூக்குகிற மனநிலை யாருக்கும் இல்லை. புதுப் பிடி பழக அதைவிட நல்ல காலம் கிடையாது. 60 கிலோவில் தொடங்கினேன், கிழமைக்கு ஐந்து கிலோ வீதம் ஏற்றினேன். முதல் மூன்று கிழமை பெருவிரல் நகத்தடி கதவில் நசுங்கியது போல விண்விண் என்றது, சட்டைப் பொத்தான் போடுவது பெரும்பாடு, ஃபோனில் சுட்டுவிரலால் தட்டிக்கொண்டு திரிந்தேன். நான்காவது கிழமை வலி இருந்தது, ஆனால் அதை நினைக்கவில்லை. ஆறாவது கிழமைக்குப் பிறகு 130 வரை ஏற்றியும் ஒன்றும் தெரியவில்லை. திருக்கார்த்திகைக்குக் கிட்ட பழைய 150ஐத் திரும்பத் தொட்டேன். பார் அசையவே இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

நான் விட்ட பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரலைப் பாரைச் சுற்றி வளைத்து நசுக்கினேன், அதுதான் அநியாய வலி. பெருவிரலைப் பாரின் நீளப்பாட்டில் படுக்க வைத்து, விரலிடை மடிப்பைப் பாரோடு நன்றாக அழுத்தி, பிறகு மூட வேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் தேவையில்லை, பூட்டிவிட்டு விட்டுவிட வேண்டும், மிச்சத்தைப் பார் பார்த்துக்கொள்ளும். பெருவிரலுக்கு ஒரு சுற்றுத் துணிப் பிளாஸ்டர், பாமசியில் விற்கிற சாதாரண ரோல், தோலைக் காப்பாற்றும். இரண்டு சுற்றுப் போட்டால் தடித்துப் பிடி கழரும். பயிற்சிக்குப் பிறகும் பெருவிரல் மரத்துப்போயே இருந்தால், அடுத்த நாளும் உணர்வு வரவில்லை என்றால், நிறுத்துங்கள், அது பழகுகிற வலி இல்லை.

கைப் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது, எந்தப் பிடிக்கும் பொது. பாரை உள்ளங்கை நடுவில் வைத்துப் பிடித்தால் இழுக்கும்போது தோல் மடிந்து, காய்ப்பு தூக்கி, ஒருநாள் பிய்ந்துவிடும். விரலடியில் வைத்துப் பிடிக்க வேண்டும். குளித்துத் தோல் ஊறியிருக்கும்போது கால் தேய்க்கிற கல்லால் காய்ப்பைத் தேய்த்து மட்டமாக்கினால் போதும். ஒருதரம் வலக்கையில் பிய்ந்த காய்ப்போடு புட்டும் மீன் குழம்பும் பிசைந்தேன். நம் ஊர்க் கறித்தூள் அந்தப் புண்ணில் என்ன செய்யும் என்று எழுதத் தேவையில்லை. மூன்று நாள் கரண்டியால் சாப்பிட்டேன், வீட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

கைக்குப் பூசுகிற வெள்ளைத் தூள், சோக், இல்லாமல் ஹூக் எங்கள் ஊர் வியர்வையில் நிற்காது, குறிப்பாகச் சித்திரை வைகாசியில். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, காற்றாடி இல்லாத தகரக் கொட்டகையில் பார் மீன் மாதிரி வழுகியது, சோக் வாங்கலாம் என்றால் இறக்குமதிச் சாமான் ஒன்றும் இல்லை. அப்போது ஒரு பொடியன் பள்ளிக்கூட வெண்கட்டியை இடித்துக் கொண்டுவந்தான். எல்லோரும் பூசினோம், எல்லோருக்கும் வழுகியது. ஜிம் சோக் மக்னீசியம் காபனேற்று, அது ஈரத்தை உறிஞ்சும். வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், அது வெறும் தூள். பவுடர் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அது கைக்குப் பூசினால் இன்னும் மோசம், பார் உரசாமல் வழுக்கிப் போகத் தொடைக்குப் பூசுகிற சாமான் அது.

ஸ்ட்ராப், அதாவது மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துச் சுற்றுகிற பட்டி, அதைப் பற்றிச் சுருக்கமாக. சாக்குத் தைக்கிற கடையில் தடித்த பருத்திப் பட்டியில் ஒரு சோடி தைப்பித்து வைத்திருக்கிறேன், நைலோன் வழுகும், பருத்திதான் நல்லது. முழங்காலை அதிகம் மடிக்காமல் செய்கிற ரோமேனியன் டெட்லிஃப்ட் மாதிரி எண்ணிக்கை கூடிய செட்டுக்கு, பெருவிரலுக்கு ஓய்வு கொடுக்கிற நாளுக்கு, அது போதும். எடி ஹோல் 2016இல் 500 கிலோவும் ஹஃப்தோர் பியோர்ன்சன் 2020இல் 501 கிலோவும் இழுத்தது ஸ்ட்ராப் கட்டித்தான், ஸ்ட்ரோங்மேன் என்கிற பலசாலிப் போட்டியில் அதற்கு அனுமதி உண்டு. பவர்லிஃப்டிங் போட்டியில் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஸ்ட்ராப் கட்டினால் கை வளராது. எட்டு வடிவ ஸ்ட்ராப் நான் பாவித்ததில்லை. கையுறை போடுகிறவர்கள் கழற்றிவிடுங்கள், அது பாரை இன்னும் தடிப்பாக்குகிறது, வேறு ஒன்றும் செய்வதில்லை.

ஹூக்கிலும் எனக்குத் தெளிவில்லாத இடம் உண்டு. ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடத்தான் பிடிக்கிறேன், பத்து வருடம் பிடித்தால் பெருவிரல் மூட்டு என்ன ஆகும் என்று என் கையை வைத்துச் சொல்ல முடியாது. என் விரல் நீளம். விரல் குட்டையானவர்களுக்கு எங்கள் 31 மில்லிமீட்டர் பாரில் பெருவிரலை ஒரு விரலால்தான் மூட முடிகிறது, அது பூட்டே இல்லை. அந்தப் பாரில் நானே 140க்கு மேல் ஹூக்கை நம்புவதில்லை, ஸ்ட்ராப் கட்டிவிடுவேன். அப்படிப்பட்டவர்கள் நல்ல பார் இருக்கிற ஜிம்முக்குப் போகும்வரை ஓவர்ஹேண்டும் சோக்கும் ஸ்ட்ராப்புமாக ஓட்டலாம், மிக்ஸ்தான் வேண்டும் என்றால் ஒன்று இரண்டு தடவைக்கு மட்டும், கை நேராக.

போன மாதம் ஒரு பொடியன் 130இல் மிக்ஸ் பிடித்துக் கையை மடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டு ஹூக் காட்டினேன். "என்ன அண்ணை, நகம் பேந்து போகாதோ?" என்றான். "முதல்ல நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, போகாது" என்றேன். அடுத்த நாள் இடது பெருவிரல் நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தான். வலது நகம் கரம்போர்ட் சுண்ட வேணுமாம்.