டென்ட் எங்க போடலாம்: ஓடைக்கரையா, உச்சியா, நடுச்சரிவா?

சிட்டிக்குப் பக்கத்துல இருக்கிற மலைக்கு சனிக்கிழமை கெளம்பிப் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை திரும்புறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். எல்லாரும் எந்த டென்ட் நல்லது, எந்த பேக் நல்லதுன்னுதான் கேக்குறாங்க, ஆனா தங்க அனுமதி இருக்கிற எல்லைக்குள்ளயே டென்ட எந்த எடத்துல போடுறோம்ங்கிறதுதான் அன்னைக்கி தூங்குறோமா இல்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கோமான்னு முடிவு பண்ணும்.

மொதல்ல ஓடைக்கரை. போனதும் கண்ணுல படுறது அதுதான், தரை சமமா இருக்கும், தண்ணி பக்கத்துலயே. மேல போகப் போக 1000 மீட்டருக்கு சுமாரா 6.5 டிகிரி குறையும்னு படிச்சிருக்கோம், அதனால கீழயே இருந்தா கதகதப்பா இருக்கும்னு நெனைப்போம். வானம் தெளிவா, காத்தே இல்லாத ராத்திரில அது அப்படியே தலைகீழாயிடும். தரை வேகமா ஆறுது, அத ஒட்டின காத்து குளிர்ந்து கனமாகி சரிவுல வழிஞ்சு எறங்கி பள்ளத்துல குளம் மாதிரி தேங்கிடுது. அந்தக் குளத்தோட அடியிலதான் நாம படுத்திருக்கோம். நான் ஒரு தடவ ஓடைலேர்ந்து பத்தடி தள்ளிப் போட்டுட்டு மூணு மணிக்கு முழிச்சுப் பாத்தா டென்ட் உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி, கை லேசா பட்டாலே கோடா வழியுது, ஸ்லீப்பிங் பேக்கோட கால்பக்கம் சுவத்துல ஒட்டி நனைஞ்சு உள்ள இருந்த வாத்து இறகெல்லாம் கட்டி கட்டியா ஒதுங்கிடுச்சு. இறகு அப்படி ஒதுங்கிட்டா சூடு நிக்கவே நிக்காது. இதவிடப் பெரிய பயம் வெள்ளம், நம்ம தலைல ஒரு சொட்டு விழாமலே மேல எங்கயோ பெஞ்ச மழைல ஓடை திடீர்னு ஏறிடும். எப்படியும் தண்ணிலேர்ந்து 60 மீட்டராவது தள்ளித்தான் தங்கணும், அந்தத் தண்ணிய நம்பி மிருகங்களும் இருக்கு.

உச்சி பாக்க ரொம்ப அழகு, விடியல் அங்கதான். ஆனா காத்து வேகம் ரெண்டு மடங்கானா டென்ட் மேல விழுற அழுத்தம் நாலு மடங்கு, டென்ட் கம்பி வளைஞ்சு துணி மூஞ்சில வந்து அடிக்கும், பாறையில டென்ட இழுத்துக் கட்டுற ஆணி எறங்காது, தண்ணி பூரா தூக்கித்தான் போகணும். மின்னல்னு வந்துட்டா டென்ட் ஒரு பாதுகாப்பே கெடையாது. இடி கேட்டாலே கீழ எறங்க ஆரம்பிச்சிடணும். இன்னொண்ணு, நட்சத்திரம் பாக்கத்தான் உச்சிக்குப் போறோம்னு நெறைய பேரு சொல்வாங்க, சிட்டி பக்கத்துல இருக்கிற மலைல உச்சிக்குப் போனா சிட்டி வெளிச்சம் வானத்துல பாதிய வெளுக்க வச்சிடும்.

என் ஓட்டு நடுச்சரிவுக்கு, அதுலயும் சிட்டிக்கு முதுகு காட்டுற பக்கத்துக்கு. தேங்கின குளிர் அங்க வரைக்கும் ஏறாது, உச்சிக் காத்தும் அவ்வளவா எறங்காது, நடு ராத்திரில பள்ளத்தவிட நல்லாவே கதகதப்பா இருக்கும், வெளிச்சத்த மலையே மறைச்சிடும். கஷ்டம் என்னன்னா சமதளம் கெடைக்கிறது, அத வெளிச்சம் இருக்கும்போதே தேடியாகணும். நேரம் கணக்குப் போட 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன வழியே இன்னைக்கும் போதும், சுமாரா 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம், பை கனமா இருந்தா அதுக்கும் மேல சேத்துக்கோங்க. எடம் கெடைச்சதும் ஒடனே டென்ட பிரிக்காம மொதல்ல வெறும் தரையில படுத்துப் பாருங்க, எந்தப் பக்கம் உருளுதுன்னு ஒடம்பே சொல்லிடும், மேடான பக்கம் தல வச்சுக்கலாம். அப்படியே மல்லாக்கப் படுத்து மேலயும் பாருங்க, பட்ட கெளை ஏதாவது தொங்குதுன்னா அந்த எடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம்.

தண்ணிக்கு ஏறும்போதே ஓடைல புடிச்சிட்டுப் போயிடுங்க, ரெண்டு பேருக்கு ராத்திரி, காலைக்கு நாலு லிட்டர்னா நாலு கிலோ, அரை மணி நேரம் தோள் வலிக்கும் அவ்வளவுதான். குடிக்கிறதுக்கு முன்னாடி அதக் காய்ச்சும்போது கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம் விடணும், 2000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம்.

கொழந்தைங்களோட போறவங்க மட்டும் ஓடைக்குக் கொஞ்சம் கிட்டவே பாருங்க, ஆனா கரையில இல்ல, அந்த 60 மீட்டர் தூரத்தயும் விட்டு, கரைலேர்ந்து ஒரு இருபது முப்பது மீட்டர் உசரம் ஏறி முதல்ல வர்ற திட்டுல. அந்தச் சின்ன ஏத்தமே குளிர்ல வித்தியாசம் காட்டும், காலைல எறங்கி வந்து கால நனைச்சு வெளையாடவும் தூரமில்ல.