டோர்செட் கிராமத்து ஆங்கிலம்: நான்கு சனிக்கிழமை, 180 வெள்ளி

மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது இங்கிலாந்தில், டோர்செட் பக்கம். மாப்பிள்ளையின் தாத்தா ஒருநாள் வீடியோ அழைப்பில் "ஹீ டு லீக்" (He do leak, 'அவன் ஒழுகுகிறான்') என்று வருத்தமாகச் சொன்னார். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிவிட்டேன், மனுஷன் சொன்னது கையிலிருந்த பூவாளியை. அப்புறம்தான் இங்கே சிங்கப்பூரில், பிராஸ் பாசா பக்கம் ஒரு மாடி அறையில் நடக்கும் இந்த டோர்செட் பேச்சு வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் வாரம் ஒலி. டோர்செட்டின் பழைய கிராமத்துப் பேச்சில் சொல்லின் தொடக்கத்தில் ஃப வந்தால் அது வ: ஃபார்மர் 'வார்மர்', ஃபிங்கர் 'விங்கர்'. ஸ-வும் வண்டு ரீங்காரம்போல் அதிரும். நாம் 'பல்'லில் அதிராத ப-வைக் 'கம்பி'யில் அதிரவைக்கிறோம், அவர்கள் சொல்லின் வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். 'கார்' என்றால் கடைசி ர்-ஐ விழுங்குவதில்லை, நாக்கை மடித்து முழுசாகச் சொல்வார்கள். என் ர்-ஐ ஆசிரியை பாராட்டினார், இந்த ஊரில் இதுதான் முதல் தடவை.

காசுக்கு மதிப்பு இலக்கண வாரத்தில்தான். 'ஐ டு கோ' (I do go) என்றால் 'போகத்தான் செய்கிறேன்' என்று அழுத்திச் சொல்வதில்லை, 'தினமும் போவேன்' என்கிறோமே, அந்தப் போவேன். பூவாளி, மரம், சுத்தியல் எல்லாம் 'ஹீ', தண்ணீரும் பாலும் மட்டும் 'இட்', அதாவது தனி உருவம் உள்ளதா இல்லையா என்பதுதான் கணக்கு. அந்த ஊர்ப் பாதிரியாரும் கவிஞருமான வில்லியம் பார்ன்ஸ் (1801–1886) இதை அப்போதே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் இதெல்லாம் கொச்சைதானே என்று கேட்டார். 'ஹிம்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'அன்', பழைய ஆங்கிலத்து 'ஹினெ'யின் வாரிசு என்று ஆசிரியை சொன்னதும் பேச்சே இல்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. மூன்றாம் வாரத்தில் அரைமணி நேரம் கடற்கொள்ளையர் பேச்சு. 1950-இல் ஒரு படத்தில் கொள்ளையனாக நடித்த ராபர்ட் நியூட்டன் டோர்செட்டில் பிறந்தவர், அவர் பேசிய பாணிதான் இன்றுவரை சினிமாக் கொள்ளையர் பலருக்கும். சரி, சுவாரஸ்யம்தான், அதற்காக எல்லாரையும் நிற்கவைத்து 'ஆர்ர்' போடச் சொல்வதா? தருகிறேன் என்ற ஒலிப்பதிவும் இன்னும் வரவில்லை. அறையில் குளிர் வேறு, சால்வை எடுத்துப் போங்கள்.

நேற்று தாத்தா கையில் பூவாளியைக் காணோம். வகுப்பில் படித்தபடி "வேர்ஸ் ஹீ டு?" (Where's he to?, 'அவன் எங்கே?') என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே குப்பைத்தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.