வேலையை விட்டுக் கமரா தூக்குபவருக்குப் பாவித்த கேனன் 6டி சரிவருமா?

தோட்ட ஆபிஸ் வேலையோ வங்கி வேலையோ போதும், இனிப் படம் எடுத்தே பிழைப்போம் என்று முடிவு செய்தவருக்கு 2012இல் வந்த இந்த கமரா இன்னும் உதவும். ஆனால் கல்யாண ஓடர் எடுக்குமுன் இதன் ஒரு பலத்தையும் ஒரு பெரிய குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலம், இருட்டு. மலைநாட்டு முகூர்த்தம் என்றால் வெளியே மூடுபனி, உள்ளே ஓமப்புகை, மேலே இரண்டு டியூப் லைட். முழு அளவு சென்சர் (ஒளியைப் பதியும் தகடு, பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு) என்பதால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர் அளவு, 3200 வரை பயமில்லாமல் போகலாம். அல்பத்துக்கு 6400உம் தாங்கும். நடு ஃபோகஸ் புள்ளி மெழுகுதிரி வெளிச்சத்திலும் பிடிக்கும். மற்றப் பத்துப் புள்ளிகளை இருட்டில் நம்பவேண்டாம். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புபவர்கள் எஃப்1.8இல் (லென்ஸின் வாய் அகலத் திறந்த நிலை) எடுத்தால் கண்ணுக்குப் பதில் காதுதான் தெளிவாக வரும். வாயை எஃப்2.8க்குச் சுருக்குங்கள்.

லென்ஸ்: மலிவில் கிடைக்கும் 50 மில்லிமீற்றர் எஸ்டிஎம் (கேனனின் ஒரு ஃபோகஸ் மோட்டார் வகை) ஒரு முகம், இரண்டு முகத்துக்கு அருமை. லயத்துக் காம்பிராவுக்குள் (தோட்ட வரிசை வீட்டின் சிறு அறை) அது உதவாது. பத்து அடி தள்ளி நின்றாலும் ஏழு அடி அகலம்தான் சட்டத்துக்குள் வரும். நலங்கு வைக்க வந்த மாமிமார் பாதிப்பேர் வெளியே. 24–105 லென்ஸ் 24இல் வைத்தால் அதே இடத்தில் 15 அடியைப் பிடிக்கும், ஆனால் எஃப்4 வரைதான் திறக்கும் என்பதால் தனி ஃபிளாஷ் வேண்டும் (6டியில் உள் ஃபிளாஷ் கிடையாது). அதையும் தகரக் கூரைக்குத் தூக்கி அடித்துப் பயனில்லை. பச்சைச் சுவரில் அடித்தால் மணப்பெண்ணின் முகமும் பச்சைதான். வெள்ளைச் சுவர் இல்லையென்றால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குறை: மெமரி கார்டுக்கு ஒரேயொரு இடம்தான். கார்ட் செத்தால் தாலி கட்டிய படம் போனதுதான், திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. 64 ஜிபி ஒன்றுக்குப் பதிலாக 32 ஜிபி இரண்டு வாங்கி, கெட்டிமேளத்துக்கு முன்பே புதியதைப் போடுங்கள். ஒன்றில் சுமார் 1,200 ரோ படம் (கமரா பதிந்தபடியே இருக்கும் பெரிய கோப்பு) அடங்கும். தொடர்ந்து அழுத்தினால் ஏறக்குறைய 15 படத்தில் கமரா திணறும். அதாவது மூன்று விநாடிதான். ஐயர் தாலியைத் தூக்கியதுமே அழுத்தத் தொடங்கினால் முடிச்சுப் போடும்போது கமரா ஊமையாக நிற்கும். ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள், கமராவை அணைத்த பிறகும் அது பற்றரியைத் தின்னும். வீடியோவில் ஃபோகஸ் தானாகப் பின்தொடராது; வீடியோவும் கேட்கும் வீட்டுக்கு இது போதாது.

பாவித்ததை வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஈரத்தில் அலுமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸுக்கும் அதே கதிதான். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி மூன்றும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். குளிரில் நின்ற கமராவை மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள், அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவு) ஒரு லட்சம் படத்துக்கு மதிப்பிடப்பட்டது. எண்ணிக்கையை மெனு காட்டாது. கணினியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மறுக்கும் கடையை விட்டு வாருங்கள்.

பணக் கணக்கில் பலர் சறுக்குவது இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியில் (ஈபிஎஃப்). உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் இராஜினாமாக் கடிதம் கொடுத்ததற்காகக் கைக்கு வராது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது என்பதே பொது விதி. பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எட்டு வருடம் உழைத்தவருக்கு நான்கு மாதச் சம்பளம், அவ்வளவுதான். ஆகவே 6டியைச் சம்பளம் வரும்போதே வாங்கி, சனி ஞாயிறு ஓடரில் இரண்டாவது கமராவுக்குச் சேருங்கள். இரண்டு கமரா தோளில் தொங்கும்வரை கடிதம் லாச்சிக்குள் இருக்கட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. சென்சரைத் துடைக்கக் கொடுக்க அதுதான் நேரம், கடிதம் கொடுக்க அல்ல.