எச்சரிக்கை: 'இந்த ஆண்டின் புதிய பதிவு' என்று விற்கப்படும் ஒளிப்பட வீடியோ வகுப்புகள்

ஒளிப்படக் கலையையும் படத்திருத்த மென்பொருள்களையும் வீடியோ மூலம் கற்றுத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையத் தளத்தில் என் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் நேற்றிரவு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். தளத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் இதே முறையில் நடப்பவை பல இருக்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றவற்றை நம்பலாம் என்று ஆகிவிடும். இலவச நேரலை வகுப்பு, அது முடியும்போது கட்டண வகுப்புக்கு அழைப்பு, பக்கத்தின் உச்சியில் நொடிகளைக் குறைத்துக்கொண்டே ஓடும் கடிகாரம், 'ஆயுள் முழுவதும் பார்க்கலாம்' என்ற உறுதிமொழி ஆகிய நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் அது நான் சொல்லும் வகைத் தளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கேமரா இருந்தது, ஓரளவு எடுக்கவும் வரும். எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவதுதான் எனக்கு வராத வேலை. அதற்காகத்தான் அந்த இலவச நேரலை வகுப்பில் சேர்ந்தேன். பங்கேற்பவர்கள் முன்கூட்டியே படம் அனுப்பலாம் என்றார்கள். நான் அனுப்பியதையும் ஆசிரியர் எடுத்துத் திரையில் திறந்தார். ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நிற்கும் படம். பின்னால் வெளிச்சம் கொட்டுகிறது, முகம் இருண்டிருக்கிறது. அவர் முதலில், திரையில் இழுத்து அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் எதையும் தொடவில்லை. படத்தில் இருள் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டி, வரைபடம் அந்தச் சுவரில் முட்டி நிற்பதால் ஜன்னல் பகுதியில் விவரம் எதுவும் பதிவாகவில்லை என்றும், பதிவாகாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது என்றும், இப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் நிழலைத் தூக்குவதே, அதாவது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குவதே வழி என்றும் பொறுமையாக விளக்கினார். அதில் ஒரு சொல்லும் தவறில்லை. எவ்வளவோ இலவச வீடியோக்களைப் பார்த்தும் பிடிபடாத ஒன்று அந்தச் சில நிமிடங்களில் எனக்கு விளங்கியது. இறுதியில் அவர், "கட்டண வகுப்பில் ஒவ்வொருவருடைய பயிற்சியையும் நானே இப்படித்தான் திறந்து பார்ப்பேன்" என்றார். நான் பணம் கட்டியது அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். நம்பும்படியாகத்தான் அவர் அதைச் சொன்னார்.

விற்பனைப் பக்கத்தில் இருந்த உறுதிமொழிகள் இவை: பாடங்கள் அனைத்தும் இந்த ஆண்டு பதிவு செய்யப்பட்டவை, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் உண்டு, பயிற்சிக்கு ரா கோப்புகள் (கேமரா பதிவு செய்த விவரம் குறையாமல் இருக்கும் படக் கோப்புகள்) தரப்படும், பயிற்சிகளை ஆசிரியரே திருத்துவார், பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் பணம் திருப்பித் தரப்படும். பணம் கட்டுவதற்கு முன்பே, நான் கற்க விரும்பிய படத்திருத்த மென்பொருளைச் சொல்லி அரட்டைப் பெட்டியில், "லைட்ரூம் கிளாசிக்கின் இப்போதைய பதிப்பில்தான் பாடம் நடத்துகிறீர்களா?" என்று குறிப்பாகக் கேட்டேன். உடனே பதில் வந்தது: "ஆம், அனைத்தும் புதிய பதிவு." அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் ஒரு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கட்டினேன்.

கேமராவைப் பற்றிய முதல் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸின் துளை அளவு எஃப் 2.8-இலிருந்து எஃப் 4-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும் என்பதை எந்த ஆண்டில் பதிவு செய்திருந்தாலும் பாடம் ஒன்றுதான். மென்பொருள் பாடம் அப்படிப்பட்டதல்ல. எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதே அங்கு பாடம். திரை மாறிவிட்டால் பாடமும் பழையதாகிவிடும். இரண்டாம் பகுதியின் முதல் வீடியோவைத் திறந்து, பக்கத்திலேயே என் கணினியில் லைட்ரூமையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபோதே இரண்டும் ஒட்டவில்லை. வீடியோவில், வண்ணங்களைத் திருத்தும் ஹெச்எஸ்எல் பேனலுக்கும் கூர்மையைத் திருத்தும் டீட்டெய்ல் பேனலுக்கும் நடுவே, நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிச் சாயல் கொடுக்கும் 'ஸ்ப்ளிட் டோனிங்' என்று ஒரு பேனல் இருந்தது. அது 2020 அக்டோபரில் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் வண்ணச் சக்கரங்களோடு 'கலர் கிரேடிங்' வந்துவிட்டது. ஹிஸ்டோகிராமுக்குக் கீழே, படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் பிரஷ்ஷும் கிராஜுவேட்டட் ஃபில்டரும் ரேடியல் ஃபில்டரும் தனித்தனிச் சின்னங்களாக வரிசையில் நின்றன. 2021 அக்டோபரில் வந்த 'மாஸ்க்கிங்' பேனலுக்குள் அவை எப்போதோ போய்விட்டன. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கி, 'கிளாரிட்டி' ஸ்லைடருக்கு மேலே தேடினேன். அங்கே 'டெக்ஸ்ச்சர்' இல்லை. அந்த ஸ்லைடர் சேர்க்கப்பட்டது 2019 மே மாதம். ஆக, இந்த ஆண்டின் புதிய பதிவு என்று எனக்கு விற்ற பாடம் அதற்கும் முந்தைய பதிப்பில் எடுத்தது. திரையின் கீழ் மூலையில் கணினி தேதியைக் காட்டும் இடம் மட்டும் எல்லா வீடியோக்களிலும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பழைய நாட்காட்டிக்குப் புதிய அட்டை ஒட்டி விற்பதைப் போன்ற வேலை இது.

பேனலின் பெயர் மாறியதற்காகவா இவ்வளவு கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வானத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுக்க, பிரஷ்ஷால் ஓரம் ஓரமாகத் தீட்டி, மரக்கிளைகளின் இடையே அழித்து, மறுபடி தீட்டுவதற்கு ஒரு முழு வீடியோவை ஒதுக்கியிருக்கிறார்கள். 2021 அக்டோபர் பதிப்பிலிருந்து 'செலக்ட் ஸ்கை' என்ற ஒரே சொடுக்கில் அந்தத் தேர்வு முடிந்துவிடுகிறது. பிறகு ஓரங்களைச் சரிபார்த்தால் போதும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்குவதற்கும் அப்படியே: 2023 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் 'டினாய்ஸ்' வந்துவிட்ட பிறகும், இவர்கள் காட்டுவது லுமினன்ஸ் ஸ்லைடரைத் தள்ளிப் படத்தை மெழுகாக்கும் பழைய முறையை மட்டும்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை.

ரா கோப்புகள் விஷயம் இதைவிட மோசம். பயிற்சிக் கோப்புகள் என்று இறக்கிக்கொள்ளக் கொடுத்தவை அனைத்தும் ஜேபெக், அதாவது விவரத்தைக் குறைத்துச் சுருக்கிய சாதாரணப் படக் கோப்புகள். ஜேபெக் 8 பிட். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் அதுவே 16,384 படிகள். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இருண்ட முகத்தை மீட்க முடிகிறது. நேரலை வகுப்பில் அவரே கற்றுக்கொடுத்த நிழல் தூக்கும் முறையை அந்த ஜேபெக்கில் செய்து பார்த்தால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் விழுகின்றன, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிகின்றன. வீடியோவில் ஆசிரியர், வெளிச்சத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினுக்கு வைக்கச் சொல்கிறார். என் திரையிலோ கெல்வின் எண்ணே வரவில்லை, ஏனென்றால் ஜேபெக்கைத் திறந்தால் லைட்ரூம் அந்த இடத்தில் -100 முதல் +100 வரை உள்ள அளவை மட்டுமே காட்டும். புதிதாகக் கற்பவர் தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வார். அவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

பயிற்சியை அனுப்பினால் ஆசிரியர் திறந்து பார்ப்பார் என்றார்களே, வந்த பதில் இதுதான்: "அருமையான முயற்சி, தொடருங்கள்!" மாணவர் குழுவில் மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தேன். எல்லோருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே வரி. டெக்ஸ்ச்சர் ஸ்லைடர் இல்லாத அந்தத் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, இது எந்த ஆண்டின் பதிவு என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கேள்வியை நீக்கினார்கள், பிறகு என்னையும் நீக்கினார்கள்.

அதன் பின் நடந்தது முழுக்க அலைக்கழிப்பு. பணம் கட்டும் முன் உடனுக்குடன் பதில் சொன்ன அரட்டைப் பெட்டியில் இப்போது தானியங்கிப் பதில்தான் வருகிறது. மின்னஞ்சல் அனுப்பினால், "உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." நினைவூட்டினால், டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிடும், மறுபடி திறக்க முடியாது, புதிய டிக்கெட் போட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒருவழியாக ஒரு மனிதர் பதில் எழுதினார்: ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாடங்களைப் பார்த்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது. 'காரணம் கேட்காமல்' என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், இந்த வரம்பை விதிமுறைகள் பக்கத்தின் அடியில் ஒரு வரியாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதிலும், ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாகவே ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். அப்படித் தானாக ஓடியதெல்லாம் நான் பார்த்த கணக்கில் சேர்ந்திருக்கிறது. அரட்டையின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, புதிய பதிவு என்று உங்கள் ஊழியரே எழுத்தில் சொல்லியிருக்கிறாரே என்று கேட்டதற்கு வந்த பதிலை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை: "அரட்டைப் பிரிவில் அளிக்கப்படும் தகவல்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது." அப்படியென்றால் அந்தப் பெட்டியை எதற்காக அங்கே வைத்திருக்கிறார்கள்? ஒரு மாதச் சம்பளத்தை வாங்கும்போது கட்டுப்படுத்திய சொல், திருப்பிக் கேட்கும்போது கட்டுப்படுத்தாமல் போய்விடுமா?

ஆசிரியருக்கும் தனியாக எழுதினேன். அவராவது நியாயம் சொல்வார் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. பணம் தொடர்பான விஷயங்கள் தன் பொறுப்பில் இல்லை என்றும், அடிப்படைகள் என்றும் மாறாதவை என்றும், வகுப்பை நேர்மறையாக அணுகுமாறும் இரண்டே வரியில் எழுதிவிட்டார். 'நானே திறந்து பார்ப்பேன்' என்று சொன்ன அதே மனிதர். அடிப்படை மாறாது என்பது கேமராவுக்குச் சரி. நான் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தது மென்பொருளின் இன்றைய பதிப்பைக் கற்பதற்காக என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேற்றிரவு வந்த இறுதிப் பதிலில், 'ஆயுள் முழுவதும்' என்பது அந்த வகுப்பு தளத்தில் இருக்கும் காலத்தையே குறிக்கும் என்று, நான் கேட்காத ஒன்றுக்கும் சேர்த்தே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். நாளை அந்த வகுப்பையும் எடுத்துவிடுவார்கள் என்பதற்கு முன்னறிவிப்பாகத்தான் அதைப் பார்க்கிறேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரி, கார்டு வழங்கிய வங்கியில் ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். முன்னோட்ட வீடியோவை நிறுத்தி, திரையில் டெக்ஸ்ச்சர் ஸ்லைடரும் மாஸ்க்கிங் பேனலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பயிற்சிக் கோப்பு ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள், அதன் பெயர் சிஆர்3, என்இஎஃப், ஏஆர்டபிள்யூ, டிஎன்ஜி போன்ற ரா கோப்பு வகைகளில் ஒன்றில் முடிய வேண்டும். ஓடும் கடிகாரத்தைக் கண்டால் பக்கத்தை வேறு உலாவியில் திறந்து பாருங்கள், முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது போலி. விற்பனைப் பக்கத்தை, இணையப் பக்கங்களை அன்றிருந்தபடியே காத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து வையுங்கள், அவர்கள் பிறகு அதை மாற்றுவார்கள். நேரடிப் பணப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், கார்டில் கட்டுங்கள். தானாக ஓடும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். பழகத்தான் வேண்டும் என்றால் டார்க்டேபிள், ராதெரப்பி ஆகிய படத்திருத்த மென்பொருள்கள் இலவசம், இரண்டுக்கும் முழுமையான கையேடுகள் இருக்கின்றன. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் அந்தத் தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்காமல் இன்றே வங்கியில் ஆட்சேபணை கொடுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு, அவர்கள் இழுத்தடிப்பது அந்த வரம்பு முடியும்வரைதான்.