முதியோர் குடியிருப்பில் முதலில் எந்தக் கலை? பாட்டு, ஓவியம், களிமண், நாடக வாசிப்பு: ஓர் ஒப்பீடு

ஓய்வுக்காலக் குடியிருப்பில் கலை வகுப்பைத் தொடங்கிவிடலாம். ஆறு மாதம் கழித்தும் அதை நடத்துவதுதான் பாடு. கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே பொது அறை, வாரத்தில் இரண்டு பகல்வேளை, கொஞ்சம் பணம். எதைத் தொடங்கலாம் என்று கேட்டால் யாருக்கு எது பிடிக்கும் என்று கைதூக்கச் சொல்வார்கள். விருப்பத்தைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் வகுப்பு நின்றுபோகும் காரணங்கள் வேறு. தாளில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரல் மடங்காது, சொல்வது காதில் விழாது, சக்கர நாற்காலி மேசைக்கடியில் நுழையாது, ஆசிரியர் வரமாட்டார், கடைசியில் துடைத்துக் கழுவ ஆள் இருக்காது. இந்த நான்கு கலைகளையும் இந்த இடங்களில் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

பாட்டுக் குழு

செலவு குறைவு. கைப்பிடி உள்ள நாற்காலிகள், ஒரு கீபோர்டு, பாடல் தாள்கள் இருந்தால் போதும். தாளில் எழுத்தின் அளவு 18 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. பளபளப்புத் தாள் வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசும். ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள், பாதிப் பாட்டில் தாளைத் திருப்பும் சிரமம் இருக்காது.

பாட்டுக் குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் சுருதி. வயதாக ஆகக் குரல்நாண்கள் மெலிந்து விறைக்கின்றன. மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல் இறங்கும். ஆண்களின் குரல் மெலிந்து சற்றே ஏறும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஒலிப்பதிவில் உள்ள சுருதியிலேயே பாடவைத்தால் பல்லவி கணீரென்று வரும். சரணம் மேலே ஏறும் இடத்தில் பாதிப்பேருக்கு உதடு மட்டும் அசையும். அவர்கள் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார்கள். "குரல் போயிடுச்சு" என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டு அடுத்த வாரம் அறையிலேயே இருந்துவிடுவார்கள். சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். பாட்டின் உச்ச ஸ்வரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். குழுவில் மெல்லிய குரல் உள்ளவரை அதை மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். கழுத்து இறுகினால் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பொத்தானால் ஒவ்வொரு அரைஸ்வரமாக, அதாவது ஒவ்வொரு கட்டையாக, இறக்குங்கள். பல பாட்டுகளுக்கு இரண்டு முதல் நான்கு அரைஸ்வரம் இறக்கினால் சரியாகிவிடும். அதற்குமேல் இறக்கினால் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போகும். ஆகவே ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டாக எடுப்பது நல்லது. நீண்ட அடிகளில் பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தால் பாட்டு அறுந்துபோகாது.

அடுத்தது காது. காது கேட்கும் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. கீபோர்டின் நீண்ட ஒற்றை ஸ்வரத்தைக் கருவி தன்னுடைய ‘கீச்’ ஒலி என்று எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும். போட்டிருப்பவருக்கு இசை நடுங்கிக் கேட்கும். கருவி பொருத்தித் தந்த நிபுணரிடம் இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரும்படி கேட்கலாம். பல கருவிகளில் அந்த வசதி உண்டு. பாட்டை நடத்துபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. முகம் நிழலாகிவிட்டால் உதட்டைப் பார்த்துத் தொடர்பவர்கள் திணறிப்போவார்கள்.

பாட்டுக்கு மட்டுமே உள்ள சிறப்பு ஒன்று உண்டு. மறதிநோய் முற்றிப் பேச்சே குறைந்தவர்களில் பலருக்கும் இளமையில் கற்ற பாட்டு வாயில் வரும். கணவனுக்கு மறதி, மனைவிக்கு நல்ல நினைவு என்றாலும் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யலாம். வேறு எந்த வகுப்பிலும் இது இவ்வளவு இயல்பாக நடப்பதில்லை. முதியோர் மருத்துவ ஆய்வாளர் ஜீன் கோஹன் 2001ல் தொடங்கிய ஆய்வின் வாஷிங்டன் நகரப் பிரிவில் 166 முதியவர்கள் இருந்தார்கள். சராசரி வயது ஏறக்குறைய 80. தொழில்முறைக் கலைஞர் நடத்திய பாட்டுக் குழுவில் இருந்தவர்கள், இல்லாதவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள், குறைவாகவே விழுந்தார்கள் என்று அந்த ஆய்வு 2006ல் பதிவுசெய்தது.

பலவீனமும் பெரியதுதான். சேர்ந்து பாடினால் மூச்சு வழி நோய் பரவும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச்சில் 61 பேர் கலந்துகொண்ட ஒரே ஒத்திகையில் 53 பேருக்குக் கொரோனா வந்தது, இருவர் இறந்தார்கள். அந்த ஒத்திகை இரண்டரை மணி நேரம் நடந்தது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், 45 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இருமல் உள்ளவர் அன்று வராமல் இருப்பதைக் கடமையாகவே சொல்லிவிடுங்கள்.

ஓவியம்

முதலில் எண்ணெய் வண்ணத்தைத் தள்ளிவிடலாம். மூடிய பொது அறையில், அந்த வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

மிச்சப் போட்டி வாட்டர்கலருக்கும், தண்ணீரில் குழைத்துப் பூசினாலும் காய்ந்தபின் பிளாஸ்டிக் படலமாகிவிடும் அக்ரிலிக்குக்கும்தான். குழந்தைகளே செய்கிறார்களே, வாட்டர்கலர் எளிது என்று நினைத்து அதையே வாங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். வாட்டர்கலரில் போட்ட கோட்டை மறைக்க முடியாது, ஈரம் காயும் நேரத்தைக் கணிக்க வேண்டும், கை நடுக்கம் அப்படியே தாளில் பதியும். போதாக்குறைக்கு மெல்லிய வரைதாளைக் கொடுத்துவிடுவார்கள். நனைந்ததும் தாள் மேடுபள்ளமாகும், பள்ளத்தில் நீர் தேங்கிக் கறை விழும். தாளின் குற்றத்தைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் ஏராளம். வாட்டர்கலர்தான் வேண்டும் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளுக்குக் குறைய வாங்கவே வேண்டாம்.

அக்ரிலிக் மன்னிக்கும் வண்ணம். மெல்லிய பூச்சு கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிடிக்காததன் மேல் இன்னொரு பூச்சு. தொடக்கக்காரருக்கு எங்கள் தேர்வு இதுவே. தொல்லை அது காயும் வேகத்தில் இருக்கிறது. பிரஷில் காய்ந்தால் பிரஷ் கல்லாகிவிடும். உடையில் காய்ந்தால் போகாது. தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படலம் படலமாக ஒட்டி அடைக்கும். தட்டில் மீந்ததைப் பழைய தாளால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். கழுவத் தனியே 20 நிமிடம் ஒதுக்காத வகுப்பு பொது அறைக்காரர்களின் சண்டையில் முடியும்.

கண்ணைப் பற்றி ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வயதாக ஆகக் கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச்சேரும். கூரை விளக்கு போதாது. எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம், கண்மட்டத்துக்குக் கீழே, மங்கல்மூடி போட்ட மேசைவிளக்கு ஆளுக்கொன்று வேண்டும். நீலமும் பச்சையும் குழம்பும் என்பதால் குழாய்களில் பெயரைப் பெரிதாக எழுதி, தட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் மாறாத இடம் கொடுங்கள். ஓவியர் மோனேவுக்கு 1912ல் கண்புரை என்று தெரிந்தது, 1923ல்தான் அறுவை சிகிச்சை. இடைப்பட்ட ஆண்டுகளின் பல படங்களில் செம்பழுப்பும் மஞ்சளும் ஓங்கியிருக்கும். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை முடிந்தவருக்கு இரண்டு கண்ணிலும் இரண்டு நீலம் தெரியும். அவரிடம் போய் "வானம் இந்த நிறமில்லையே" என்று திருத்துவது அநியாயம்.

மூட்டுவாதக் கைக்கு மெல்லிய பிரஷ் தண்டனை. தண்ணீர்க்குழாய்க்குப் போடும் நுரைக்குழலைச் சாண் நீளத்துக்கு வெட்டி பிரஷ் காம்பில் செருகினால் பிடி 3 சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்துவிடும். விரலை முழுக்க மடக்க வேண்டியதில்லை. கை நடுங்குபவருக்குச் சிறிய தாளைக் கொடுக்காதீர்கள். பெரிய தாள், 2.5 சென்டிமீட்டர் தட்டை பிரஷ், முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ் மூட்டுவாதத்தால் பூவேலை செய்ய முடியாமல் போனபின், எண்பது வயதை நெருங்கும்போதுதான் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 101 வயதுவரை வாழ்ந்தார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941ல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாளை உட்கார்ந்தபடியே வெட்டி ஒட்டினார். பிரஷ் பிடிக்கவே முடியாதவருக்கு இந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. தானே விரியும் கத்தரிக்கோல் வாங்கிவையுங்கள்.

மேசைக்கு அடியில் முழங்காலுக்கு 69 சென்டிமீட்டர் உயரமாவது இடைவெளி இருக்கட்டும். மடக்கு மேசைகளின் குறுக்குக் கம்பி சரியாகச் சக்கர நாற்காலிக்காரரின் முழங்காலில் இடிக்கும். வாங்குமுன் உட்கார்ந்து பாருங்கள். எண் போட்ட கட்டங்களுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களை மட்டும் கொடுத்து வகுப்பு என்று பெயர் வைக்காதீர்கள். 75 வயதுக்காரரைக் குழந்தையாக நடத்துவது அது.

களிமண்

பார்வை மங்கியவருக்கு இதைவிடச் சிறந்த கலை இல்லை. விரல்நுனியே கண்ணாக இருந்து செய்யலாம். ஆனாலும் முதல் தேர்வாக இதைச் சொல்ல முடியாது. சூளைக்குத் தனி அறை, தனி மின்இணைப்பு, காற்றுப்போக்கு, பொறுப்பான ஓர் ஆள் வேண்டும்.

பாத்திரம் சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழியைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மாட்டிய நீர் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். வழி கிடைக்காமல் சுவரைப் பிளந்து பக்கத்துப் பாத்திரத்தையும் உடைக்கும். சுவர் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்க வேண்டாம். உருவங்களை உள்ளே குடைந்து வெறுமையாக்குங்கள். ஒன்றிரண்டு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. முதல் சுடுதல் 1,000 டிகிரி செல்சியஸ் அளவில்.

காய்ந்த மண்தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத்துணிதான். கருவிகளையும் கைகளையும் வாளிகளில் அலசி, மண் அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். குளிர்ந்த மண் மூட்டுவலியைக் கிளப்பும் என்பதால் பையோடு வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்துக் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகளின் கையில் கீறல் இருந்தால் கையுறை கட்டாயம். தானே காயும் களிமண் சூளையில்லாதவர்களுக்கு ஒரு வழி. அதில் செய்த பாத்திரம் தண்ணீர் தாங்காது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

நாடக வாசிப்பு

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே நடிப்பது. மனப்பாடம் வேண்டாம், அரங்கம் வேண்டாம், ஆறேழு பேர் போதும். வானொலிக்காக எழுதிய நாடகங்கள் நன்றாகப் பொருந்தும். ஓடுவதும் அடிப்பதும் நிறைந்த மேடை நாடகங்கள் பொருந்தாது. ஒவ்வொருவர் வசனத்துக்கும் பளிச்சென்ற ஒரு நிறம் தீட்டுங்கள். ஒரு வசனம் பாதியில் பக்கம் மாறாதபடி தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், அரங்கேற்ற நாளில் யாராவது மருத்துவமனையில் இருக்கலாம். வாசிக்க முடியாதவருக்குக் கதவு சாத்தும் சத்தம், மழைச் சத்தம் எழுப்பும் வேலை உண்டு. வெளியாரை அழைக்குமுன் எழுத்தாளரிடமோ உரிமையாளரிடமோ அனுமதி வாங்குங்கள்.

நினைவு மங்கியவர்களுக்கு இதன் மாற்று வடிவம் ஒன்றை அமெரிக்க நாடக ஆய்வாளர் ஆன் பாஸ்டிங் 1990களின் இறுதியில் உருவாக்கினார். ஒரு வேடிக்கையான படத்தைக் காட்டி "இவர் பெயர் என்னவாக இருக்கும்? எங்கே போகிறார்?" என்று தவறான விடையே இல்லாத கேள்விகளைக் கேட்பது; சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதித் திரும்ப வாசித்துக் காட்டுவது. "ஞாபகம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எந்த வரிசையில்

ஓர் அறையும் கொஞ்சம் பணமும்தான் என்றால் பாட்டில் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து, விளக்கும் மேசையும் சேர்ந்தபின், அக்ரிலிக். நாடக வாசிப்பு பாட்டுக் குழுவிலிருந்தே ஆள் எடுத்துக்கொண்டு கிளைக்கும். சூளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் சொல்லி முன்வரும்வரை களிமண் காத்திருக்கட்டும்.

ஆசிரியர் வெளியாளா, குடியிருப்பவரா என்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை: முதல் 12 வாரமாவது சம்பளத்துக்குத் தொழில்முறைக் கலைஞர். கோஹனின் ஆய்வுக் குழுக்களை நடத்தியவர்களும் அப்படிப்பட்டவர்களே. குடியிருப்பவர்களில் இருவர் தொடக்கத்திலிருந்தே அவருக்குத் துணையாக இருந்து சாவி, பொருள் இருப்பு, வருகைப் பதிவு மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்; ஆசிரியர் வராத நாளில் அவர்கள் வகுப்பை நடத்துவார்கள். வருகைப் பதிவில் தொடர்ந்து இரண்டு முறை வராதவர் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு, அந்த வாரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, கண்ணா, காதா, கையா, நாற்காலியா, எது தடுத்தது என்று கேட்டு எழுதி வைக்கட்டும்.